ஃபென்னா போட்ட வரம்பு

ஃபென்னா யான்சனைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றால் அது நானாக இருப்பதே நியாயம். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. நடுவில் இருக்கும் சுவர் மெலிசு, அவள் தும்மினால் எனக்குத் தெரியும். புகழ் பாடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் பேராசிரியை ஆகவில்லை, பரிசு எதுவும் வாங்கவில்லை, அடுத்த வருஷம் வேலை நீடிக்குமா என்று காத்திருந்தே தலை நரைத்தவள். வட ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மழையில் சைக்கிள் மிதித்துப் போகிற ஆயிரம் பெண்களில் ஒருத்தி.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சத்தம் காதில் விழுந்ததும் மூளைக்குள் இருக்கும் நரம்பு செல்கள் துடிக்கின்றன. எந்தச் சத்தத்துக்கு எந்தச் செல் எப்போது துடிக்கும் என்பதுதான் கேள்வி. ஜெர்பில் என்கிற பாலைவன எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, மயிரிழையை விட மெல்லிய கம்பியை அதன் மூளைக்குள் இறக்கி, காதில் சத்தங்களைப் போட்டு, செல்லின் துடிப்பைப் பதிவு செய்வது என் வேலை. அந்தப் பிராணி மயக்கத்திலிருந்து எழுவதில்லை. இதைச் சொல்லாமல் மழுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் சொல்லிவிட்டேன்.

நான் எடுத்துக் கொடுப்பதை வைத்து ஃபென்னா கணக்குப் போடுவாள். இன்ன சத்தம் வந்தால் இந்தச் செல் இப்படித் துடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற கணக்கு. அதை மாடல் என்போம். திரையில் கறுப்புக் கோடு, செல் நிஜமாகவே செய்தது. சிவப்புக் கோடு, ஃபென்னாவின் மாடல் சொன்னது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அன்றைக்கு அவள் எனக்கும் சேர்த்து டீ போடுவாள். படியாவிட்டால் கதவு சாத்தியிருக்கும்.

கருவி போடுகிற பீப் சத்தத்துக்கு எல்லாச் செல்லும் ஒழுங்குப் பிள்ளையாகப் பதில் சொல்லும். அதே செல், நாணலில் காற்று அடிக்கும்போதும் தவளை கத்தும்போதும் வேறு ஆளாகிவிடும். உலகத்தில் யாரும் பீப் சத்தத்துக்கு நடுவில் வாழவில்லை என்பதால் எங்களுக்கு நிஜமான சத்தங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஒக்கோ, ஃபென்னாவின் புருஷன்.

ஒக்கோ முதலில் வானொலியில் ஒலிப்பதிவாளனாக இருந்தான். அங்கே ஆள் குறைத்தபோது எங்கள் தலைவர் லூடர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். விடியற்காலையில் கடலோரச் சேற்று வெளிக்குப் போய், நீளக் கம்பில் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். காட்டு வாத்துகள், ஆள்காட்டிப் பறவைகள், கடலைத் தடுக்கும் கரைமேட்டில் மேயும் ஆடுகள், வாய்க்காலில் பனிக்கட்டி விரிசல் விடுவது என்று வாரா வாரம் கொண்டுவந்து கொட்டுவான். அவனுக்கு ஒரு பெருமை உண்டு. பதிவு ஓடும்போது மூச்சை அடக்கிக்கொள்வானாம்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். தப்புப் பண்ணியவர் மறுநாள் எல்லாருக்கும் கேக் சுட்டுக்கொண்டு வர வேண்டும். ஒக்கோ அதை வைத்தே பந்தயம் கட்டுவான்.

"என் பதிவுல என் மூச்சு கேட்டுச்சுன்னு எவனாவது நிரூபிச்சா, மறுநாளே வெண்ணெய் கேக். என் கையால."

"உன் கையால சுட்டா எவன் தின்னுறது?" என்பேன் நான்.

"அதனாலதான் சொல்றேன், நிரூபிச்சுடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான்."

ஃபென்னா சிரிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்பா கரைமேட்டுக்குப் பின்னால் ஒரு நீரேற்று நிலையத்தில் காவலாளியாக இருந்தவர். வயலில் தண்ணீர் தேங்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்க அந்த எந்திரம் ஓடும், வீடும் அதோடு ஒட்டியே இருந்தது. எந்திரம் நின்றால்தான் வீட்டில் எல்லாரும் திடுக்கிட்டு விழிப்பார்களாம். அப்படி வளர்ந்தவளுக்குப் பெரியவளானதும் வேண்டியிருந்ததெல்லாம் அமைதி மட்டும்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காதில் பஞ்சு அடைப்பானை வைத்துக்கொள்வாள். ஒக்கோ அதைக் கேலி செய்வான். "காது ஆராய்ச்சி பண்றவ காதுக்குப் பூட்டு போட்டுட்டா" என்று எங்களிடம் வந்து சொல்வான். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "நாள் பூரா சத்தத்தோட மாரடிக்கிறேன், வீட்டுலயாவது என்னை விடுங்க" என்பாள்.

ஆனால் அதுகூட முழு உண்மை இல்லை. மாடல் போடுகிறவர்கள் சத்தத்தைக் கேட்பதேயில்லை, பார்க்கிறார்கள். சத்தத்தைப் படமாக மாற்றித் திரையில் வைத்துக்கொள்வார்கள். பலமான இடம் கறுப்பு, மெல்லிய இடம் சாம்பல். ஏதாவது ஒரு வரம்பு வைக்காவிட்டால் பதிவுக் கருவியின் சொந்த இரைச்சலெல்லாம் படத்தில் புழுதியாக நிற்கும். அதனால் ஃபென்னா ஒரு வரம்பு போட்டிருந்தாள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மௌனம் என்று கணக்கு, படத்தில் வெள்ளை. எல்லா ஆராய்ச்சிக்கூடத்திலும் செய்வதுதான். யாரும் அதைப் பற்றி இரண்டாம் தடவை யோசிக்க மாட்டார்கள்.

ஒக்கோவுக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய் என்று டாக்டர் சொன்னபோது இலையுதிர் காலம். அடுத்த கோடையைக்கூட அவன் பார்க்கவில்லை. இவ்வளவு முற்றும்வரை எப்படித் தெரியாமல் போனது என்று டாக்டரே கேட்டாராம். அடக்கம் முடிந்த வாரமே வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கோபமாகத்தான் வந்தது, ஆனால் வீட்டில் போய் என்ன செய்வாள் என்று நினைத்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

அவன் போனதற்கு அடுத்து வந்த குளிர்காலத்தில்தான், கிறுக்கு என்று நாங்கள் பெயர் வைத்த செல்களின் விவகாரம் பெரிதானது. ஒக்கோவின் பதிவுகளைக் கேட்ட செல்களில் சில, சத்தமே இல்லாத இடத்தில் துடித்தன. வாத்து கத்துவதற்கு முந்தின மௌனத்தில், ஆள்காட்டியின் ஒரு கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவில். படம் வெள்ளை, சிவப்புக் கோடு தரையோடு தரை, கறுப்புக் கோடு மட்டும் மேலே ஏறி இறங்கும். லூடர் பார்த்துவிட்டு, "செல் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு" என்றார். கெட்ட செல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் துடிக்கும். இவை அப்படி இல்லை. அதே பதிவை எத்தனை முறை போட்டாலும் அதே நொடியில் துடித்தன.

"கிறுக்குன்னா ஒழுங்கா இருக்காது டால்கே," என்றாள் ஃபென்னா என்னிடம். "இதுங்க ஒழுங்கா கிறுக்கா இருக்கு. பழைய பதிவுகள்ல இல்ல, பிந்தின பதிவுகள்ல மட்டும்தான். உன் கம்பியில ஏதாவது கோளாறா?"

"என் கம்பியைச் சொல்லாதே. முதல்ல அந்தப் பதிவை உன் காதால கேட்டியா?"

அவள் விழித்தாள். கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே இல்லை. நானும் கேட்டதில்லை, சத்தம் நேராகப் பிராணியின் காதுக்குப் போய்விடும், வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்குச் செல்லின் படபடப்பு மட்டும்தான் ஸ்பீக்கரில் வரும்.

சத்தம் புகாத என் பெட்டியறைக்குள் அவளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலியை முடிந்த மட்டும் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவாள் என்று பார்த்தால் வரவேயில்லை. கடைசியில் நானே கதவைத் திறந்தேன். ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரோ மூச்சு விடறாங்க," என்றாள். பிறகு, "யாரோ இல்ல," என்றாள்.

நானும் வாங்கி மாட்டிக் கேட்டேன். தூரத்தில் வாத்துகள். இந்தப் பக்கம், மைக்குக்கு வெகு அருகில், இழுத்து விடுகிற மூச்சு. உள்ளே இழுக்கும்போது அதன் அடியில் மெல்லிய விசில் ஒன்று. ஃபென்னா போட்ட வரம்புக்குச் சற்றுக் கீழே, அவள் மௌனம் என்று வெள்ளையடித்து வைத்திருந்த இடத்தில், ஒக்கோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

பழைய பதிவுகளில் அது இல்லை. அப்போது அடக்க முடிந்தது, பின்னால் முடியவில்லை. பதிவு செய்கிறவன் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

லூடர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து மிருதுவாகத்தான் பேசினார். வசந்தத்தில் ஒக்கோவின் பெயரில் ஒலித் தொகுப்பை வெளியிடுவதாக ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"மூச்சை எடுத்துட்டாப் போச்சு. அதுக்குன்னே ப்ரோக்ராம் இருக்கு. சுத்தமான தொகுப்பா வெளிய வரட்டும். அவனே அதைத்தான் விரும்பியிருப்பான் ஃபென்னா."

"சரி. எடுத்துடறேன்," என்றாள் அவள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். இனிமேல் அதைக் கேட்க வேண்டாம் என்கிற நிம்மதி. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எடுத்துட்டு? என் பிராணிங்க என்ன கேட்டுச்சுன்னு எழுதுவீங்க? வாத்து கத்தினதை மட்டுமா?"

"டால்கே, இப்ப அது வேண்டாமே," என்றார் லூடர்.

"இப்ப இல்லாம எப்போ? அதுங்க அவன் மூச்சையும் சேர்த்துத்தான் கேட்டுச்சு. கேட்டதுக்குச் சரியாத்தான் பதிலும் சொல்லுச்சு. செத்தும் போச்சு. இப்ப நாம அந்தச் சத்தமே இல்லைன்னு துடைச்சுட்டு, அதுங்களைக் கிறுக்குன்னு எழுதலாம். அதுங்க வந்து மறுத்துப் பேசவா போகுது?"

ஃபென்னா எழுந்து போய்விட்டாள். அவள் முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்த வாரக் கடைசியில் என் அறை வாசலில் மழைக்கோட்டோடு வந்து நின்றாள்.

"எடுக்கல. குறிக்கப் போறேன்."

"எதை?"

"மூச்சை. வரம்பை இறக்கினா கருவி இரைச்சலும் சேர்ந்து உள்ள வந்துடுது, மாடலுக்கு எது மூச்சு, எது இரைச்சல்னு தெரியல. அதனால ஒவ்வொரு மூச்சும் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கையால குறிச்சுக் குடுக்கணும். அப்பத்தான் அந்தச் செல்லுங்க சொன்னது சரியா இல்லையான்னு தெரியும்."

"அவ்வளவையும் கேக்கணுமேடி. வேற யாரையாவது விட்டு..."

"என் புருஷன் மூச்சு. வேற யார் கேக்கணுங்கற?"

அப்படியே ஆரம்பித்தாள். தினமும் காலையில் ஒரு பிளாஸ்க் டீயோடு பெட்டியறைக்குள் போவாள், மத்தியானம் வெளியே வருவாள். பதிவுகள் தேதி வரிசையில் போய்க்கொண்டிருந்தன, அதாவது அவன் நோயும் வரிசையாக வளர்ந்துகொண்டிருந்தது. மூச்சின் நீளம் குறைவதையும் நடுவில் இருமலை விழுங்குவதையும் அவள் தன் கையாலேயே குறித்தாள். ஒருநாள் வெளியே வந்து என் மேசை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் கண்டுபிடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இருக்கு டால்கே. ரெண்டு வருஷம்."

நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"பக்கத்துல படுத்திருந்தேன். காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு நல்லாத் தூங்கினேன். பொட்டிக்குள்ள கிடந்த எலி கேட்டிருக்கு. நான் கேக்கல."

முன்பே தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நோய்க்கு மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி உள்ளே போனாள்.

இன்னொன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கைக் குலுக்கிப் போட்டு எடுத்துப் பூட்டி வைப்பார்கள். சங்கேதச் சொல் லூடரிடம் இருக்கும். மாடல் போடுகிறவர் அதைப் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. மாடல் முடிந்ததும் எல்லாரும் கூடி உட்கார்ந்து அதை ஒரே ஒரு முறை திறப்போம். முன்பின் பார்க்காத சத்தத்துக்கு மாடல் சரியாகச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கையை வைத்துத் திருத்தக் கூடாது.

பூட்டிய பங்கிலும் ஒக்கோவின் மூச்சு இருந்தது. அதை யாராவது குறித்தாக வேண்டும், ஃபென்னா கேட்கக் கூடாது. ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் "சரி" என்றேன்.

"எப்படி இருக்குன்னு என்கிட்ட சொல்லிடாதே," என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

குறிக்கவேண்டியது மூச்சை மட்டும். பேச்சு, இருமல், காலடி எதையும் தொடக் கூடாது என்று அவளே விதி எழுதிக் கொடுத்திருந்தாள். நான் பாட்டுக்குக் குறித்துக்கொண்டே வந்தேன். டோலார்ட் விரிகுடாவில் எடுத்த ஒரு பதிவு வந்தது. கடைசி மாதங்களில் எடுத்தது. வாத்துக் கூட்டம் தூரத்தில் சலசலத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவன் மூச்சு, விசிலோடு, அவசர அவசரமாக. அதற்கு நடுவில் அவன் ரகசியம்போல ஒரு வாக்கியம் பேசினான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

நான் குறித்தது மூச்சை மட்டும்தான். பேச்சு இருந்த இடத்தை விதிப்படி விட்டுவிட்டேன். அதற்கப்புறம் வாரக்கணக்கில் தினமும் அவளோடு உட்கார்ந்து டீ குடித்தேன், வானிலையைப் பற்றியும் சைக்கிள் சங்கிலியைப் பற்றியும் பேசினேன். செத்துப்போன புருஷன் பேசின பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் சொல்லாமல் இருக்கச் சொல்கிற விதியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று தினமும் மனதுக்குள் திட்டினேன். ஆனால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அத்தனை நாள் அந்தப் பெட்டியறைக்குள் பட்ட பாடு வீணாகியிருக்கும்.

திறக்கிற நாள் வந்தது. லூடரின் அறையில் டீக்கெண்டி மெழுகுவர்த்தி அடுப்பின்மேல் சூடாக இருந்தது. ஃபென்னா ஒரு தட்டத்தைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். துணியை விலக்கினால் வெண்ணெய் கேக். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான்.

"ஒக்கோ பந்தயத்துல தோத்துட்டான்," என்றாள். "அவன் குடுக்க வேண்டியது."

லூடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் கேக்கைத் தொடவில்லை. அவர் சங்கேதச் சொல்லை அடித்தார்.

கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிறுக்கு என்று நாங்கள் பெயர் வைத்த செல்கள். வாத்து கத்துவதற்கு முந்தின மௌனத்தில் கறுப்புக் கோடு ஏறியது, சிவப்புக் கோடும் கூடவே ஏறியது. கறுப்பு இறங்கியது, சிவப்பும் இறங்கியது. ஒக்கோ இழுத்து விட்ட ஒவ்வொரு மூச்சும் அங்கே இரண்டு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. "கிறுக்கே இல்ல," என்றார் லூடர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. ஃபென்னா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோலார்ட் பதிவு வந்தது. ஒரு இடத்தில் கறுப்புக் கோடு குதித்தது, சிவப்பு அசையவேயில்லை.

"நிறுத்துங்க," என்றாள் ஃபென்னா. திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இது மூச்சு இல்ல. மூச்சு மெதுவா ஏறி இறங்கும். இது துண்டு துண்டா இருக்கு. டால்கே, இங்க என்ன?"

"பேசறான்," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே கணக்குப் போட்டுவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"நீயே போய்க் கேளு. பூட்டுதான் திறந்தாச்சே."

பெட்டியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லூடர் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, அவன் என்னதான் சொன்னான் என்று கேட்டார். சொன்னேன்: "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்." வாத்துகளைப் பார்த்து அவன் சொன்னது அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தபோது நான் கோப்பையில் கற்கண்டைப் போட்டு டீயை ஊற்றினேன். சூட்டில் கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தாள். முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட சொல்லல," என்றாள். "நான்தான் காதை அடைச்சு வெச்சிருந்தேனே. வாத்துங்ககிட்ட சொல்லியிருக்கான்."

பிறகு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினாள். லூடருக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு வைத்தாள். தனக்கு வைத்துக்கொண்ட துண்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இருங்கன்னதும் அதுங்க இருந்துச்சு டால்கே," என்றாள். "அவன் இழுத்து விட்டு முடிக்கற வரைக்கும், ஒண்ணு கூடக் கத்தல."